டேட்டாபேஸ் கனெக்ட் ஆகவில்லையா? லாரி எந்த வாசலில் நிற்கிறது என்று பார்க்கும் முழு வழிகாட்டி

பாவூர்சத்திரத்தில் காய்கறி கமிஷன் மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு நான் ஒரு சின்ன வெப் அப்ளிகேஷன் செய்து கொடுத்தேன். புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம் பக்கத்துக் கடைக்காரர்கள் போனிலேயே ஆர்டர் போடுவார்கள், மண்டியில் பில் ஏறும், லாரி செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு கணவாய் வழியாக மலை இறங்கும். கோடு எழுத ஒரு மாதம் ஆனது என்றால், டேட்டாபேஸ் கனெக்ஷனோடும் டிப்ளாய்மென்டோடும் (எழுதிய கோடை சர்வரில் ஏற்றி ஓட விடுவது) மல்லுக்கட்டியது அதைவிட அதிகம். அதில் வாங்கிய அடிகளை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு டேட்டாபேஸ்களையும் மனதில் வைத்து எழுதியது, மாங்கோ ஆட்களும் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம்.

எரர் வந்ததும் பதற்றத்தில் பாஸ்வேர்டை மாற்றுவது, ஃபயர்வாலை முழுசாகத் திறந்துவிடுவது, சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுவது, எங்கோ படித்த நாலு வரியை கான்ஃபிக் ஃபைலில் ஒட்டுவது, இதையெல்லாம் ஒரே பத்து நிமிஷத்தில் செய்பவர்கள் நாம். அப்படிச் செய்து சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த வாரம் திரும்ப வரும்போது மறுபடி நாலையும் செய்ய வேண்டியதுதான். நான் இப்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன்: லாரி எதுவரைக்கும் போனது?

சரி, லாரிக் கணக்கிலேயே சொல்கிறேன். கொல்லத்துக் கடைக்கு லோடு அனுப்புகிறோம். அந்தப் பெயரில் ஊரே இல்லை என்றால் அது ‘ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட்’. லாரி கிளம்பிப் போய், ஒரு சேதியும் இல்லாமல் நாம் காத்துக்கொண்டே இருந்தால் அது ‘டைம்டு அவுட்’, நடுவழியில் பாதையை யாரோ மறித்திருக்கிறார்கள். கடை வாசலுக்கே போய்விட்டது, ஷட்டர் சாத்தியிருக்கிறது, பக்கத்துக் கடைக்காரர் உடனே ‘இன்னைக்கு லீவு’ என்று திருப்பி அனுப்பிவிட்டார் என்றால் ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’. கடை திறந்திருக்கிறது, ஆனால் பில்லைப் பார்த்துவிட்டு சரக்கை வாங்க மறுத்தால் ‘ஆதென்டிகேஷன் ஃபெயில்டு’ அல்லது ‘ஆக்சஸ் டினைடு’. கடை திறந்திருக்கிறது, ஆனால் இறக்கி வைக்க இடமே இல்லை என்றால் ‘டூ மெனி கனெக்ஷன்ஸ்’, இது மட்டும் பில்லைப் பார்ப்பதற்கு முன்பேகூட வரலாம். மற்றபடி ஒவ்வொரு மெசேஜும் அதற்கு முந்தைய வாசல்களைத் தாண்டியாகிவிட்டது என்பதற்கு அத்தாட்சி. ‘ஆக்சஸ் டினைடு’ வந்த பிறகு ஃபயர்வாலை நோண்டுவது, கடைக்குள் நின்று பில்லுக்குச் சண்டை போடும்போது ரோட்டைச் செப்பனிடப் போவது மாதிரி.

முதலில் மெசேஜைப் பிடியுங்கள்

பிரௌசரில் வரும் ‘இன்டர்னல் சர்வர் எரர்’ ஒன்றுக்கும் உதவாது. உண்மையான மெசேஜ் லாகில், அதாவது சர்வர் எழுதி வைக்கும் குறிப்பேட்டில் இருக்கிறது. லினக்ஸ் சர்வரில் சிஸ்டம்டி வழியாக ஓட்டினால் ஜர்னல்சிடிஎல், டாக்கர் (அப்ளிகேஷனை கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) என்றால் டாக்கர் லாக்ஸ், ஹோஸ்டிங் தளம் என்றால் அவர்களுடைய டாஷ்போர்டில் லாக்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கும். பைத்தான் ட்ரேஸ்பேக்கில் கடைசி வரியைப் படியுங்கள், ஜாவாவில் ‘காஸ்டு பை’ என்று வருவதில் ஆகக் கடைசியாக வருவதை, நோடில் (நோட்.ஜேஎஸ்) மேலே இருக்கும் வரியையும் அதோடு வரும் எரர் கோடையும். நடுவில் வரும் ஐம்பது வரி பெரும்பாலும் லைப்ரரிகளின் வம்சாவளிதான்.

அடுத்தது, அப்ளிகேஷன் எந்த இடத்தில் ஓடுகிறதோ அதே இடத்தில் நின்று டெஸ்ட் பண்ணுங்கள். உங்கள் லேப்டாப்பில் இருந்து டேட்டாபேஸ் கனெக்ட் ஆகிறது என்பதால் சர்வரில் இருந்தும் ஆகும் என்று அர்த்தம் இல்லை. சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் போட்டு நுழையுங்கள், கன்டெய்னர் என்றால் கன்டெய்னருக்குள்ளேயே நுழையுங்கள், அங்கே இருந்து பாருங்கள்.

அப்ளிகேஷன் ஸ்டார்ட் ஆகும்போது எந்த ஹோஸ்ட் (டேட்டாபேஸ் இருக்கும் மெஷின்), எந்த போர்ட் (அந்த மெஷினில் கதவு எண்), எந்த யூசர், எந்த டேட்டாபேஸ் என்ற நாலையும் லாகில் ஒரு வரி எழுத வையுங்கள், பாஸ்வேர்டை மட்டும் விட்டுவிட்டு. இந்த ஒரு வரி எனக்கு மிச்சப்படுத்திய நேரத்தில் பிரானூர் பார்டரில் உட்கார்ந்து நிதானமாகப் புரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். ஏனென்றால் பாதிக்குப் பாதி சமயம் அப்ளிகேஷன் நாம் நினைக்கும் டேட்டாபேஸுக்கே போவதில்லை. என்விரான்மென்ட் வேரியபிள் (கோடுக்கு வெளியே எழுதி வைக்கும் மதிப்பு) லோடு ஆகாமல் டீஃபால்ட்டாக இருக்கும் லோக்கல்ஹோஸ்டுக்கு, அதாவது தான் ஓடும் அதே மெஷினுக்குப் போய் முட்டிக்கொண்டிருக்கும்.

வாசல் ஒன்று: விலாசம்

‘ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட்’, ‘கெட்அட்ர்இன்ஃபோ’ என்றெல்லாம் வந்தால் பெயரை ஐபியாக மாற்ற முடியவில்லை. என்எஸ்லுக்அப் போட்டு அந்த ஹோஸ்ட் பெயரைக் கேட்டுப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால் எழுத்துப்பிழை, இல்லையென்றால் அந்த நெட்வொர்க்குக்குள் மட்டும் தெரிகிற உள்பெயரை வெளியில் இருந்து கேட்கிறீர்கள். என்எஸ்லுக்அப் சரியாகச் சொல்கிறது, அப்ளிகேஷன் மட்டும் இல்லை என்கிறது என்றால் வேரியபிளின் வாலில் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது மேற்கோள் குறியும் சேர்ந்தே போயிருக்கும். டாக்கர் ரன் கட்டளையில் என்வ் ஃபைலைக் கொடுத்தால் அது மேற்கோள் குறியைக் கழற்றாது, அப்படியே மதிப்போடு சேர்த்துக்கொள்ளும். அதே ஃபைலில் டாக்கர் கம்போஸ் (பல கன்டெய்னர்களை ஒரே ஃபைலில் எழுதி ஓட்டும் கருவி) அதைக் கழற்றிவிடும். ஒரே ஃபைல், இரண்டு நடத்தை, நமக்கு ஒரு சாயங்காலம் காலி.

இந்த வாசலில் ஒளிந்திருக்கும் இன்னொரு ஆள் பாஸ்வேர்டு. கனெக்ஷன் முழுவதையும் ஒரே யூஆர்எல்லாக எழுதும்போது பாஸ்வேர்டில் @, #, /, : மாதிரி எழுத்து இருந்தால் எங்கே பாஸ்வேர்டு முடிகிறது, எங்கே ஹோஸ்ட் தொடங்குகிறது என்று லைப்ரரிக்குக் குழப்பம் வரும். பாஸ்வேர்டின் பின்பாதியை ஹோஸ்ட் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருக்கும். @ என்பதை %40 என்றும், # என்பதை %23 என்றும் மாற்றி எழுத வேண்டும். எனக்குச் சோம்பல், அதனால் யூஆர்எல்லில் போகிற பாஸ்வேர்டை வெறும் எழுத்தும் எண்ணுமாக நீளமாக வைத்துக்கொள்கிறேன்.

வாசல் இரண்டு: பாதை

டைம்அவுட்டின் அடையாளமே தாமதம்தான். லினக்ஸில் அப்ளிகேஷன் தானாக எந்த வரம்பும் வைக்காவிட்டால் இரண்டு நிமிஷத்துக்கும் மேல் முயற்சி செய்துவிட்டுத்தான் கைவிடும். நாம் அனுப்பிய பாக்கெட்டை நடுவில் ஏதோ ஒரு ஃபயர்வால் பதில் சொல்லாமல் விழுங்கிவிடுகிறது. சர்வரில் இருந்து நெட்கேட் வைத்து அந்த ஹோஸ்டையும் போர்ட்டையும் தட்டிப் பாருங்கள். போஸ்ட்கிரெஸுக்கு 5432, மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306, மாங்கோவுக்கு 27017, ரெடிஸுக்கு 6379. இந்த டெஸ்டுக்கு யூசர் பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம், பாதை திறந்திருக்கிறதா என்று மட்டும் சொல்லும்.

இது எனக்குப் புனலூரில் நடந்தது. செங்கோட்டை வீட்டில் காலையில் கனெக்ட் ஆன டேட்டாபேஸ், மத்தியானம் கடைக்காரர் ஒருவருக்குக் காட்டலாம் என்று லேப்டாப்பைத் திறந்தால் டைம்அவுட். கோடில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. மலைப்பாதையில் நெட்வொர்க் சரியில்லாமல் போய்ப் பழகியதால் சிக்னலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் மற்ற எல்லா வெப்சைட்டும் திறந்தது. அரை மணி நேரம் கழித்துதான் உறைத்தது, கிளவுடில் டேட்டாபேஸை எடுத்த அன்று ‘என் ஐபியை மட்டும் அனுமதி’ என்ற பட்டனை அமுக்கியிருந்தேன். அது செங்கோட்டை வீட்டு பிராட்பேண்டின் ஐபி. புனலூரில் போன் ஹாட்ஸ்பாட்டில் வேறு ஐபி. மாங்கோ அட்லஸில் ஐபி ஆக்சஸ் லிஸ்ட், ஏடபிள்யூஎஸ்ஸில் செக்யூரிட்டி குரூப், பெயர்தான் வேறு, வேலை இதேதான். அந்த எரிச்சலில் 0.0.0.0/0 என்று போட்டு உலகத்துக்கே திறந்துவிடத் தோன்றும். டெஸ்டுக்கு ஐந்து நிமிஷம் திறந்து பார்க்கலாம், அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். அப்ளிகேஷன் சர்வரின் ஐபியை நிரந்தரமாகச் சேருங்கள், உங்கள் லேப்டாப்புக்கு அந்தச் சர்வர் வழியாக எஸ்எஸ்ஹெச் டனல் போட்டுக்கொள்ளுங்கள், ஊர் ஊராக அலைபவர்களுக்கு அதுதான் சரிப்படும்.

சுபாபேஸ் (போஸ்ட்கிரெஸைக் கிளவுடில் தரும் சேவை) பயன்படுத்துகிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, இலவசத் திட்டத்தில் ஒரு வாரம் யாரும் தொடாவிட்டால் புராஜெக்ட் தூங்கப் போய்விடும், டாஷ்போர்டில் போய் எழுப்ப வேண்டும். இன்னொன்று, 2024 முதல் அவர்களுடைய நேரடி டேட்டாபேஸ் விலாசம் கூடுதல் காசு கட்டாவிட்டால் ஐபிவி6 (புது வகை ஐபி) மட்டும்தான். உங்கள் ஹோஸ்டிங்கில் ஐபிவி6 வெளியே போகாது என்றால் அவர்கள் தரும் பூலர் (கனெக்ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் இடையாள்) விலாசத்தை எடுத்துப் போடுங்கள்.

வாசல் மூன்று: ஷட்டர்

ரெஃப்யூஸ்டு உடனே வரும், ஒரு நொடிகூட ஆகாது. அந்த மெஷின் உயிரோடு இருக்கிறது, அந்த போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்க ஆள் இல்லை, பெரும்பாலும் இவ்வளவுதான் அர்த்தம். டேட்டாபேஸ் மெஷினில் எஸ்எஸ் கட்டளை போட்டு எந்த போர்ட்டில் யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். அந்த வரிசையில் டேட்டாபேஸே இல்லை என்றால் அது இறந்து கிடக்கிறது, அதன் லாகைப் பாருங்கள், அப்படியே டிஎஃப் போட்டு டிஸ்க் நிறைந்துவிட்டதா என்றும் பாருங்கள். சின்னச் சர்வர்களில் டேட்டாபேஸ் சாவதற்கு டிஸ்க்கும் மெமரியும்தான் முக்கியக் காரணம்.

வரிசையில் இருக்கிறது, ஆனால் 127.0.0.1 என்று காட்டுகிறது என்றால் அது தன் வீட்டுக்குள் இருந்து வரும் குரலுக்கு மட்டும் கதவைத் திறக்கும். போஸ்ட்கிரெஸ் தன் இயல்பில் அப்படித்தான் வரும். லிசன் அட்ரஸஸ் என்ற வரியை மாற்ற வேண்டும், மாற்றிய பிறகு ரீலோடு போதாது, ரீஸ்டார்ட் வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் அதே வேலைக்கு பைண்ட் அட்ரஸ்.

அப்புறம் இந்த லோக்கல்ஹோஸ்ட் என்ற வார்த்தை. இது மூன்று விதமாகக் காலை வாரிவிடும்.

டாக்கரில் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்பது அதுவேதான். அப்ளிகேஷன் கன்டெய்னருக்குள் இருந்து லோக்கல்ஹோஸ்ட் என்று கூப்பிட்டால் தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும். கம்போஸ் ஃபைலில் டேட்டாபேஸுக்கு என்ன சர்வீஸ் பெயர் வைத்தீர்களோ அதுதான் ஹோஸ்ட். போர்ட்டிலும் கவனம்: 3307:3306 என்று எழுதியிருந்தால் 3307 வெளியில் இருந்து வருபவருக்கு, கன்டெய்னர்கள் தங்களுக்குள் பேசும்போது 3306தான்.

இரண்டாவது நோட். 2021இல் வந்த நோட் 17க்குப் பிறகு லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயருக்கு ஐபிவி4 விலாசத்தைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்ற பழைய வழக்கம் போய்விட்டது, சிஸ்டம் எதை முதலில் கொடுக்கிறதோ அதையே எடுக்கும். பல மெஷின்களில் அது ::1, அதாவது அதே மெஷினின் ஐபிவி6 விலாசம். டேட்டாபேஸ் 127.0.0.1இல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும், லாகில் ::1:3306 ரெஃப்யூஸ்டு என்று வரும். நோட் 20இல் இருந்து இரண்டு விலாசத்தையும் முயன்று பார்ப்பதால் இந்தத் தொல்லை குறைவு, பழைய நோட் என்றால் பாருங்கள். லோக்கல்ஹோஸ்டை எடுத்துவிட்டு 127.0.0.1 என்று எண்ணாகவே எழுதிவிடுங்கள், முடிந்தது.

மூன்றாவது மைஎஸ்க்யூஎல். லினக்ஸில் லோக்கல்ஹோஸ்ட் என்று சொன்னால் அதன் வழக்கமான கிளையண்ட் நெட்வொர்க் வழியாகவே போகாது, சாக்கெட் ஃபைல் ஒன்றைத் தேடும். பிஹெச்பியில் ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று வரும்போது எந்த ஃபைல் என்று தலையைச் சொறிந்தவர்களுக்கு, அது இந்த சாக்கெட் ஃபைல்தான். இதற்கும் மருந்து 127.0.0.1.

டாக்கர் கம்போஸில் இன்னொரு சிக்கல், டிபெண்ட்ஸ் ஆன் என்று எழுதினால் டேட்டாபேஸ் தயாரான பிறகுதான் அப்ளிகேஷன் கிளம்பும் என்று நம்பிவிடுகிறோம். அது கன்டெய்னர் கிளம்பியதா என்று மட்டும்தான் பார்க்கும். உள்ளே போஸ்ட்கிரெஸ் கண் முழிக்க ஐந்து பத்து நொடி ஆகும், அதற்குள் அப்ளிகேஷன் தட்டிப் பார்த்து ரெஃப்யூஸ்டு வாங்கிச் செத்துவிடும். பிஜி இஸ்ரெடி கட்டளையை ஹெல்த்செக்காகப் போட்டு, ‘சர்வீஸ் ஹெல்தி’ ஆனால்தான் கிளம்பு என்று நிபந்தனை வையுங்கள்.

வாசல் நான்கு: பில்

இங்கே வந்துவிட்டீர்கள் என்றால் நெட்வொர்க்கை மறந்துவிடலாம். மைஎஸ்க்யூஎல்லின் 1045 எரரை முழுசாகப் படித்தால் அதுவே விடையைச் சொல்லும். கடைசியில் ‘யூசிங் பாஸ்வேர்டு: நோ’ என்று இருந்தால் அப்ளிகேஷன் பாஸ்வேர்டே அனுப்பவில்லை, வேரியபிள் காலியாக இருக்கிறது, பாஸ்வேர்டு சரியா தப்பா என்ற பேச்சுக்கே இடமில்லை. ‘யெஸ்’ என்று இருந்தால் யூசர் பெயருக்குப் பின்னால் @ போட்டு வரும் ஹோஸ்டைப் பாருங்கள். மைஎஸ்க்யூஎல்லில் மண்டி@லோக்கல்ஹோஸ்ட் வேறு ஆள், மண்டி@% வேறு ஆள். பெயர் ஒன்றாக இருந்தாலும் எந்த ஊரில் இருந்து வருகிறார் என்பதையும் சேர்த்துத்தான் அது ஆளை அடையாளம் காணும்.

போஸ்ட்கிரெஸில் ‘நோ பிஜி ஹெச்பிஏ என்ட்ரி’ என்று வந்தால் அந்த வரியிலேயே ஐபி, யூசர், டேட்டாபேஸ், என்கிரிப்ஷன் இருக்கிறதா இல்லையா என்று எல்லாம் இருக்கும். அந்த ஐபிக்கு பிஜி ஹெச்பிஏ ஃபைலில் (யார் எங்கிருந்து வரலாம் என்ற பட்டியல்) ஒரு வரி சேர்த்து ரீலோடு செய்தால் போதும். ‘நோ என்கிரிப்ஷன்’ என்று முடிந்தால் உங்கள் பக்கம் எஸ்எஸ்எல் போடாமல் போகிறீர்கள், எஸ்எஸ்எல் மோடை ரிக்வயர் என்று வையுங்கள். உபுண்டுவில் ‘பியர் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு’ என்பது வேறு கதை, அங்கே லினக்ஸ் யூசர் பெயரும் டேட்டாபேஸ் யூசர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ஹோஸ்டாக 127.0.0.1 கொடுத்தால் பாஸ்வேர்டு வழிக்கு வந்துவிடும்.

பாஸ்வேர்டு கண்ணாடி மாதிரிச் சரியாக இருக்கிறது, ஆனாலும் உள்ளே விடவில்லை என்றால் லைப்ரரியின் வயதைப் பாருங்கள். 2018இல் வந்த மைஎஸ்க்யூஎல் 8.0 பாஸ்வேர்டு சரிபார்க்கும் முறையையே மாற்றிவிட்டது, போஸ்ட்கிரெஸும் 2021இல் வந்த 14ஆம் பதிப்பில் இருந்து ஸ்கிராம் முறைக்கு இயல்பாகவே மாறிவிட்டது. பழைய டிரைவருக்கு (டேட்டாபேஸோடு பேசும் லைப்ரரியைத்தான் சொல்கிறேன்) இந்தப் புது பாஷை தெரியாது. டேட்டாபேஸைப் பழைய முறைக்கு இறக்குவதைவிட டிரைவரை அப்டேட் பண்ணுங்கள்.

டாக்கரில் போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவர்கள் ஒருமுறையாவது இதில் விழுந்திருப்பார்கள். கம்போஸ் ஃபைலில் பாஸ்வேர்டை மாற்றுவோம், கன்டெய்னரை அழித்துவிட்டுத் திரும்பக் கிளப்புவோம், பழைய பாஸ்வேர்டுதான் வேலை செய்யும். அந்த வேரியபிள், வால்யூம் (டேட்டா சேமித்து வைக்கும் இடம்) காலியாக இருக்கும் முதல் தடவை மட்டும்தான் படிக்கப்படும். உள்ளே போய் ஆல்டர் யூசர் போட்டு மாற்ற வேண்டும். வால்யூமையே அழித்தாலும் சரியாகும்தான், ஆனால் உள்ளே இருக்கும் டேட்டா போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசல் ஐந்து: இறக்கி வைக்க இடமில்லை

போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 கனெக்ஷன் வாங்கும், அதில் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கீடு. மைஎஸ்க்யூஎல் 151. இது நிறைய மாதிரித் தெரியும், கணக்குப் போட்டால்தான் தெரியும். பைத்தானில் டேட்டாபேஸோடு பேசும் எஸ்க்யூஎல் ஆல்கெமியின் இயல்பான பூல் (திறந்தே வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கனெக்ஷன்கள்) 5, அவசரத்துக்கு மேலும் 10, ஆக ஒரு வொர்க்கர் (அப்ளிகேஷனின் ஒரு பிரதி) 15 வரை திறக்கலாம். அப்ளிகேஷனை ஓட்டும் கனிகார்னில் 4 வொர்க்கர், ஒவ்வொன்றுக்கும் தனிப் பூல், 60. இரண்டு சர்வர், 120. இது என் கணக்கு. 151க்குள் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன், அந்த நிம்மதி எப்போது கெட்டது என்று கீழே சொல்கிறேன்.

யார் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்க போஸ்ட்கிரெஸில் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி, மைஎஸ்க்யூஎல்லில் ஷோ ப்ராசஸ்லிஸ்ட். ‘ஐடில் இன் டிரான்சாக்ஷன்’ என்று வரிசையாக நின்றால் கோடில் எங்கோ கமிட்டோ ரோல்பேக்கோ போடாமல் விட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புதிதாக ஒரு கிளையண்ட் உண்டாக்கும் கோடும் இதே நிலைக்குக் கொண்டுவரும். கிளையண்ட் அப்ளிகேஷனுக்கு ஒன்றுதான், ஃபங்ஷனுக்கு வெளியே. மேக்ஸ் கனெக்ஷனை 1000 என்று ஏற்றுவது தீர்வாகத் தோன்றும், ஆனால் போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்ஷனும் தனி ப்ராசஸ், மெமரி தின்னும். பூலைக் குறையுங்கள், போதாவிட்டால் நடுவில் பிஜிபவுன்சர் என்ற பூலர் வையுங்கள்.

காலை நாலு மணி எரர்

எந்த வாசலிலும் சேராத ஒன்று. அண்ணாச்சி ஒருநாள் போனில், “தம்பி, மொத பில்லு மட்டும் ஏற மாட்டேங்கு. ரெண்டாவது அமுக்குனா ஏறுது. நீ என்னமோ பூட்டு போட்டு வச்சிருக்க” என்றார். நான் எழுந்து பார்க்கும்போது எல்லாம் நன்றாக இருக்கும், டெஸ்ட் பண்ணினால் ஒன்றும் நடக்காது. லாகில் தினமும் விடியற்காலை நாலு மணியை ஒட்டி ஒரே ஒரு எரர், 2006, ‘மைஎஸ்க்யூஎல் சர்வர் ஹேஸ் கான் அவே’.

மண்டியில் சாயங்காலம் ஆறரைக்குக் கடைசிப் பில். அடுத்தது காலை நாலு மணி. இடையில் ஒன்பதரை மணி நேரம். மைஎஸ்க்யூஎல்லின் வெயிட் டைம்அவுட் 28,800 விநாடி, அதாவது எட்டு மணி நேரம். அதற்கு மேல் சும்மா கிடக்கும் கனெக்ஷனை டேட்டாபேஸ் தன் பக்கம் மூடிவிடும், ஆனால் பூலுக்கு அது தெரியாது, செத்த கனெக்ஷனை உயிரோடு இருப்பதாக நினைத்து முதல் பில்லுக்குக் கொடுக்கும். பூல் ரீசைக்கிளை (இவ்வளவு பழசான கனெக்ஷனை மாற்றிவிடு என்பது) 1,800 விநாடி என்று வைத்து, பூல் ப்ரீபிங்கை ஆன் பண்ணினேன், இரண்டு வரி. ப்ரீபிங் கனெக்ஷனைக் கொடுப்பதற்கு முன் ‘இருக்கியா?’ என்று ஒரு குரல் கொடுத்துப் பார்க்கும். ஜாவாவில் ஹிகாரி பூல் வைத்திருந்தால் அதன் ஆயுள் வரம்பு இயல்பாகவே அரை மணி நேரம்தான், இந்தத் தொல்லை குறைவு. கிளவுடில் நடுவில் இருக்கும் கருவிகள் இன்னும் அவசரக்காரர்கள், ஏடபிள்யூஎஸ்ஸின் நேட் கேட்வே 350 விநாடி சும்மா இருந்தாலே கனெக்ஷனை மறந்துவிடும்.

மலையாளத்தில் கடைப் பெயர் அடித்தால் கேள்விக்குறியாக வருகிறது என்று இதே சமயத்தில் இன்னொரு புகார் வந்தது. அது கனெக்ஷனின் எழுத்துமுறை லேட்டின்1 ஆக இருந்ததால் வந்தது. டேபிள், கனெக்ஷன் இரண்டையும் யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள். பழைய மூன்று பைட் யூடிஎஃப்8 தமிழுக்கும் மலையாளத்துக்கும் போதும்தான், ஆனால் யாராவது வாழைக்காய்க்குப் பக்கத்தில் இமோஜி போட்டால் அங்கேயே நின்றுவிடும்.

டிப்ளாய்மென்ட்: எந்தக் கட்டத்தில் விழுந்தது?

இதிலும் அதே கேள்விதான். பில்டிலேயே (கோடை ஓடுகிற வடிவத்துக்குக் கொண்டுவரும்போதே) விழுந்ததா, பில்டு முடிந்து ஸ்டார்ட் ஆகும்போது விழுந்ததா, ஸ்டார்ட் ஆகி ஓடிக்கொண்டிருந்தும் பிரௌசரில் 502 வருகிறதா?

பில்டில் ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’ என்று வந்து, உங்கள் விண்டோஸ் லேப்டாப்பில் அது ஓடுகிறது என்றால் ஃபைல் பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்தைப் பாருங்கள். விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் கண்டுகொள்ளும். இன்னொன்று, நோட் என்வ் ப்ரொடக்ஷன் என்று இருந்தால் என்பிஎம் டெவ் டிபெண்டன்சிகளை இன்ஸ்டால் செய்யாது, டைப்ஸ்கிரிப்ட் அதில்தான் இருக்கும், பில்டு நின்றுவிடும்.

நெக்ஸ்ட், வீட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள் இரண்டிலும் பிரௌசருக்குப் போகும் வேரியபிள்கள் (NEXT_PUBLIC_, VITE_ என்று தொடங்குபவை) பில்டு ஆகும்போதே கோடுக்குள் உறைந்துவிடும். டாஷ்போர்டில் மதிப்பை மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் பண்ணினால் பழையதே இருக்கும், திரும்ப பில்டு பண்ண வேண்டும். அதே காரணத்தால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டுக்கு அந்த முன்னொட்டுப் பெயர்களை வைத்துவிடாதீர்கள், பார்ப்பவர் எல்லோர் பிரௌசருக்கும் போய்விடும்.

ஸ்டார்ட் ஆகி உடனே சாகிறது என்றால் எக்சிட் கோடைப் பாருங்கள். 137 என்றால் வெளியில் இருந்து கொன்றிருக்கிறார்கள், பெரும்பாலும் மெமரி போதாமல். ஹெரோகு, ரெண்டர் மாதிரித் தளங்களில் போர்ட் எண்ணை அவர்கள் வேரியபிளில் தருவார்கள், நீங்கள் 3000 என்று கோடில் எழுதி வைத்திருந்தால் அவர்கள் தட்டும் கதவு வேறு, நீங்கள் திறந்த கதவு வேறு. கேட்கும் விலாசமும் 0.0.0.0 ஆக இருக்க வேண்டும்.

502 என்றால் என்ஜின்எக்ஸ் (பிரௌசருக்கும் அப்ளிகேஷனுக்கும் நடுவில் நிற்கும் வெப் சர்வர்) பிழைத்திருக்கிறது, அதன் பின்னால் இருக்கும் அப்ளிகேஷன் இல்லை. 504 என்றால் அப்ளிகேஷன் இருக்கிறது, பதில் சொல்ல நேரம் எடுக்கிறது, என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 விநாடி பார்க்கும். 504க்குக் காரணம் பலமுறை ஒரு டேட்டாபேஸ் குவரிதான், இன்டெக்ஸ் இல்லாத டேபிள்.

‘ரிலேஷன் டஸ் நாட் எக்சிஸ்ட்’ அல்லது ‘அன்நோன் காலம்’ என்று வந்தால் புதுக் கோடு போய்விட்டது, மைக்ரேஷன் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளைகள்) ஓடவில்லை, இல்லையென்றால் வேறு டேட்டாபேஸில் ஓடியிருக்கிறது. டேபிளில் புது நெடுவரிசை (அதுதான் அந்த ‘காலம்’) சேர்ப்பதாக இருந்தால் முதலில் மைக்ரேஷன், பிறகு கோடு. பழைய நெடுவரிசையை நீக்குவதாக இருந்தால் முதலில் கோடு, அது நாலு நாள் நன்றாக ஓடிய பிறகு மைக்ரேஷன். இரண்டையும் ஒரே டிப்ளாய்மென்டில் திணித்தால் திரும்பி வர வழி இருக்காது.

திரும்பி வருவது என்றதும் ஓணம் ஞாபகம் வருகிறது. திருவோணத்துக்கு முந்தின நாள் கடைவீதி நெரிசலை அந்தப் பக்கம் உத்திராடப் பாய்ச்சல் என்பார்கள், அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே இங்கே மண்டியில் லோடு குவியும். அந்த மத்தியானம், ஆர்டர்கள் கொட்டிக்கொண்டிருக்கும்போது, பில்லில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தலாம் என்று நான் டிப்ளாய் பண்ணினேன். பழைய சர்வர் நிற்பதற்கு முன் புதியது கிளம்பும்படி வைத்திருந்தேன், பயன்படுத்துகிறவர்களுக்குத் தடங்கல் வரக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆக அந்த இரண்டு நிமிஷம் பழையது 120, புதியது 120. 151 எங்கே, 240 எங்கே. 1040, ‘டூ மெனி கனெக்ஷன்ஸ்’. கொட்டாரக்கரையில் இருந்து அண்ணாச்சிக்கு போன், அண்ணாச்சியிடம் இருந்து எனக்கு. நான் உள்ளே போய் ப்ராசஸ்லிஸ்ட் பார்த்தது மைஎஸ்க்யூஎல் அட்மினுக்கு என்று கூடுதலாக ஒரு இடம் வைத்திருப்பதால்தான்.

முதல் வேலையாகப் பழைய வெர்ஷனுக்கு ரோல்பேக், காரணம் தேடுவது எல்லாம் அதற்கப்புறம். சாயங்காலம் பூலை 3 ஆகவும் கூடுதலை 2 ஆகவும் குறைத்தேன், இப்போது ஒரு சர்வருக்கு 20, டிப்ளாய் நடக்கும்போதுகூட 80 தாண்டாது. வேகத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அண்ணாச்சி தன் பங்குக்கு மண்டிச் சுவரில் தொங்கும் காலண்டரில் அத்தத்தில் இருந்து உத்திராடம் வரை சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டு, “இந்த நாள்ல கம்ப்யூட்டர தொட்டேன்னா பாரு” என்றார். எழுத்துப்பிழை ஓணம் முடிந்த பிறகுதான் திருத்தப்பட்டது. சேனைக்கிழங்கு அதுவரை சேனைகிழங்காகவே கொல்லத்துக்குப் போனது.